கானவரும் காட்டானும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



‘கானவர்’ என்னும் ஒரு சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். அதற்குக் கரணியம் உண்டு. சில்லாண்டுகட்கு முன், பலகணி வழியே வெளியே நோக்கியிருந்த மாணவன் ஒருவனைக் ‘காட்டான்’ என்று கடிந்தேன். வகுப்பு நகைத்தது. அவன் ஆனைமலைக் காடர் குடியினன். மறுகிழமை நற்றிணை நடத்துகையில் அவன் எழுந்து, “ஐயா, கானவனும் காட்டான் தானே?” என்று வினவினான். எனக்கு நா எழவில்லை.

கான் என்பது காடு. கானம், கானகம் என்பனவும் அதுவே. கானில் வாழ்வோர் கானவர். மருதத் தலைவன் ஊரன் எனப்படுதல் போன்று, இஃதும் நிலத்தால் வந்த பெயரேயன்றிக் குணத்தால் வந்ததன்று. நற்றிணையில் கானவன் எய்த முள்ளம்பன்றியின் ஊனைக் கொடிச்சி கிழங்கொடு சேர்த்துத் தன் சிற்றூர்க்கெல்லாம் பகுத்தளிக்கின்றாள். திருமுருகாற்றுப்படையிற் கானவர் சுற்றத்தோடு தேறல் பருகிக் குரவையாடுகின்றனர். கண்ணகி விண்ணேகியதைக் கண்டு செங்குட்டுவனுக்கு உரைத்தோரும் மலைக்குறவரே. அவர்தம் சான்றை ஐயுறாது ஏற்றார் இளங்கோவடிகள்!

அச் சொல்லின் உடன்பிறப்பாகிய ‘காட்டான்’ எங்ஙனம் வசையாயிற்று? நகர்ப்புறத்தார் செருக்கன்றி வேறென்ன? கொங்குநாட்டிலோ புன்செய் நிலமே ‘காடு’. “காட்டுக்குப் போகிறேன்” என்று ஏரோடு புறப்படும் உழவரெல்லாம் காட்டான்களோ? (அவையில் நகைப்பு)

இனி, ‘வனவாசி’, ‘ஆதிவாசி’ என்னும் இரவற்சொற்கள். முன்னது காட்டில் வாழ்பவன் என்னும் அளவில் நிற்கும். பின்னது முதற்குடி என்று மண்ணுரிமையையும் சுட்டும். இவ்வேறுபாடு வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 2006-ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டத்தின்கண், பட்டியற் பழங்குடியல்லாத காடுறைவோர், மூன்று தலைமுறை, அஃதாவது 75 ஆண்டு, ஆங்கு வாழ்ந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும், பழங்குடியினர்க்கு அக்கட்டில்லை. ஒருவரை எப்பெயரிட்டு எழுதுகின்றோம் என்பதில் அவர்தம் நிலமே அடங்கியுள்ளது. நம்மிடம் ‘பழங்குடி’ என்னும் செஞ்சொல் இருக்க, இரவல் எதற்கு? அதனினும் நன்று, காடர், முதுவர், பளியர், இருளர் என அவரவர் பெயராலேயே அழைத்தல்.

அம் மாணவனிடம், நகைத்த அவ்வகுப்பின் முன்னரே, பொறுத்தருள வேண்டினேன். அவன் நாணித் தலைகவிழ்ந்தான். பின்னர்ப் பாட்டில் வரும் கிழங்கைப் பற்றி நான் கேட்க, கிழங்கை அகழ்ந்தெடுத்தபின் கொடியின் தலைப்பகுதியை மீண்டும் மண்ணிற் புதைத்துவிடுவோம், அது மறுபடி விளையும் என்றான். நான் படித்த உரைநூல் எதிலும் அச்செய்தி இல்லை.