கையொப்பம் இடுமுன்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா என்றால் பழம்பெருமை பேசுவது வழக்கம். அதை இம்மலரின் மற்றப் பக்கங்கள் நிறைவாகச் செய்யும். எனவே செயற்குழுவில் நாம் கூடியபோது வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டோம். "இதை முன்பே யாராவது சொல்லித் தந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்" என்று நம்மவர்கள் எவற்றைப் பற்றிச் சொல்கிறார்கள்? காணி, கடன், கடை, பிணை, வைப்பு, உறுதி என்று பட்டியல் நீண்டது. பட்டியலைத் திரும்பப் பார்த்தபோது எல்லாவற்றிலும் ஒரே பொருள் பொதுவாக இருப்பதைக் கண்டோம். அது ஒரு கையொப்பம். இட்டதால் வந்த துன்பம் பாதி. இடாமல் விட்டதால் வந்த துன்பம் மீதி.

இரட்டைக்கோட்டுக் கொப்பியில் எழுதி எழுதி நம் எழுத்து அழகானது. அந்த எழுத்தை எந்தக் கடதாசியின் கீழ் இடலாம், எதன் கீழ் இடுமுன் நிதானிக்க வேண்டும் என்பதை வாழ்க்கைதான் நம்மில் பலருக்குக் கற்றுத் தந்தது. வாழ்க்கை பாடம் நடத்தினால் கட்டணம் அதிகம். ஆகவே ஆறு பாடங்களை இங்கே இலவசமாகத் தருகிறோம்.

முதலாவது, பிணைக் கையொப்பம். "சும்மா பேருக்குத்தான் அக்கா, வங்கியில் கேட்கிறாங்கள்" என்ற வசனத்தைக் கேளாதவர் நம்மில் இல்லை. வங்கி எதையும் சும்மா கேட்பதில்லை. கடன் எடுத்தவர் கட்டாவிட்டால் பிணை நின்றவரிடம் கேட்கும் உரிமையைத்தான் அந்தக் கையொப்பம் கொடுக்கிறது. ஆசிரியையாகவும் தாதியாகவும் எழுதுவினைஞராகவும் மாதச் சம்பளம் பெறும் பெண்களை உறவினர் தேடி வருவதற்குக் காரணமும் அந்தச் சம்பளம்தான். 1990 இல் உருவான கடன் தகவல் பணியகம் நாம் எடுத்த கடனோடு நாம் நின்ற பிணைகளையும் பதிவில் வைத்திருக்கிறது. நாளை பிள்ளையின் படிப்புக்கு நாம் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பதிவு நமக்கு முன்னே போய் நிற்கும். நம் பெயரிலுள்ள அறிக்கையை நாமே விண்ணப்பித்துப் பெறலாம். ஒருமுறையாவது பெற்றுப் பாருங்கள்.

இதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு. நாமே முழுதாகக் கட்டிவிட்டு வருத்தமின்றி இருக்கக்கூடிய தொகைக்கு மட்டும் பிணை நிற்கலாம். அதற்கு மேற்பட்டதென்றால் மறுக்கவும் ஒரு வழி உண்டு. "தம்பி, கையெழுத்து வைக்க ஏலாது. என்னால் தரக்கூடியது இவ்வளவுதான். இதைத் திருப்பித் தரவும் வேண்டாம்." உறவும் நிற்கும், வீடும் நிற்கும்.

இரண்டாவது, வட்டிக் கணக்கு. கணிதத்தில் அதிவிசேட சித்தி பெற்றவர்கள்கூட கடன் படிவத்தின் முன்னால் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு இலட்சம் ரூபாவை ஒரு வருடத்துக்கு 24 வீத வட்டியில் தருகிறோம் என்கிறார்கள். முழுத் தொகைக்கும் வட்டியைக் கூட்டி 1,24,000 ஆக்கிப் பன்னிரண்டால் பிரித்து, மாதம் ஏறத்தாழ 10,333 ரூபா கட்டச் சொல்கிறார்கள். மாதந்தோறும் முதலில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. கடைசி மாதத்தில் மிஞ்சியிருக்கும் முதல் ஏறத்தாழ 8,300 ரூபாதான்; ஆனால் வட்டி, முதல் மாதத்தைப் போலவே 2,000 ரூபா. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்கிட்டால் அந்த 24 வீதம் ஏறத்தாழ 42 வீதமாகிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்த வட்டி முழுத்தொகைக்கா, மீதித்தொகைக்கா?" அதைக் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.

போருக்குப் பின் நம் ஊர்களுக்குள் வந்த நுண்கடன் இந்தப் பாடத்தைக் கொடுமையாகப் படிப்பித்தது. வீட்டு வாசலில் கடன் கிடைத்தது. வாரந்தோறும் அறவிடுபவரும் அதே வாசலில் நின்றார். குழுவாகக் கடன் எடுத்ததால் ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டியிருந்தது. அயலும் உறவும் பகையாயின. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள். 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே அறிவிக்க வேண்டியதாயிற்று. நிலைமை அந்த அளவுக்குப் போயிருந்தது.

மூன்றாவது, "எங்கட பிள்ளை சொன்னவ" என்று நம்பிப் பணம் போடுவது. இதைச் சொல்வது சற்றுக் கசப்பானது. பழைய மாணவியர் என்ற பாசத்தையே தூண்டிலாக்குவோர் இருக்கிறார்கள். வகுப்புத் தோழியர் குழுவில் ஒரு செய்தி வருகிறது: பணம் போட்டு, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் சில மாதங்களில் இரட்டிப்பாகும் என்று. சேர்த்துவிட்ட தோழியும் அதை உண்மையென்று நம்பித்தான் சேர்க்கிறாள். ஆள் சேர்ப்பதால் வருமானம் தரும் பிரமிட் திட்டங்கள் இந்நாட்டில் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. வைப்புப் பெறும் நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புக்கு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. மிகுதிக்கு இல்லை. ஓய்வூதியப் பணம் முழுவதையும் ஒரே இடத்தில் வைக்க நினைக்கும் அக்காமார் இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள்.

நான்காவது, நமது காணியும் நமது கையொப்பமும். சீதனமாக வந்த காணியின் உறுதியில் நம் பெயர்தான் இருக்கிறது. ஆயினும் அதை விற்கவோ ஈடு வைக்கவோ போகும்போதுதான், நம் கையொப்பம் மட்டும் போதாது என்பது பலருக்குத் தெரியவருகிறது. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் வடித்த தேசவழமை ஒருபுறமிருக்க, 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமை பற்றிய கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றது. இலங்கையின் பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு 1923 இல் இத்தகைய தடை நீங்கியது. 1931 இல் நம் பாட்டிமாருக்கு வாக்குரிமை வந்தது. நாட்டை ஆள்பவரைத் தெரிவு செய்ய அவருடைய கை போதுமாயிருந்தது. தாய்வழி வந்த பனங்காணியை விற்க அந்தக் கை மட்டும் போதாமலிருந்தது. நூறு ஆண்டைக் கடந்தும் நின்ற விதி இது.

கணவர் வெளிநாட்டில் இருந்து தொடர்பற்றுப் போனவர்கள், போரில் கணவரைத் தொலைத்துவிட்டு இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதனால் பட்ட பாடு நமக்குத் தெரியும். அவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். கணவர் கைவிட்டுப் போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதமின்றியே கைமாற்ற அனுமதி பெற அதே சட்டத்தில் வழி உண்டு. அடுத்தது, மரணசாசனம் எழுத யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை. தேசவழமை நம்மில் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைத் திருமணப் பேச்சு நடக்கும்போதே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள். மண்டபத்துக்கும் நகைக்கும் செலவழிக்கும் நேரத்தில் இதற்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம்.

ஐந்தாவது, தொழிலில் நம் பெயர். மிளகாய்த்தூள் திரித்து விற்பவர், தையல் நிலையம் நடத்துபவர், மாலை வகுப்பு எடுப்பவர், விழாக்களுக்குப் பலகாரம் செய்து கொடுப்பவர் என்று நம்மில் தொழில் செய்வோர் அநேகர். உழைப்பு அவருடையது, பதிவோ கணவர் பெயரில் அல்லது தம்பி பெயரில். பத்து வருடம் கழித்துக் கடையைப் பெருப்பிக்க வங்கிக்குப் போனால், "உங்கள் பெயரில் ஒன்றுமில்லையே" என்கிறார்கள். வியாபாரப் பெயரைச் சொந்தப் பெயரில் பதிவது பெரிய காரியமல்ல. பிரதேச செயலகத்தில் விசாரித்தால் நடைமுறையைச் சொல்வார்கள். வியாபாரத்துக்கென ஒரு தனிக் கணக்கும் திறவுங்கள்.

அதோடு ஒரு கணக்குப் பாடமும் சேர்த்துச் சொல்கிறோம். ஒரு கிலோ மிளகாய்த்தூளுக்கு மிளகாய், மல்லி, திரிக்கும் கூலி, பை என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். வெயிலில் காயவைத்து, வறுத்து, அரித்து, பொதி செய்த நம் நேரத்துக்குக் கூலி எழுதுவதில்லை. அப்படி விலை வைத்தால் இலாபம் போலத் தெரிவது உண்மையில் நமக்கு நாமே கொடுக்காத சம்பளம். நாளை உதவிக்கு ஒரு பிள்ளையை வைத்தால் அந்த விலை தாங்காது. அப்படி ஆளை வைத்தால் அவருடைய ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் சம்பளத்தில் 8 வீதமும் நம் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நம் பங்காக 3 வீதமும் கட்ட வேண்டும். நம்மிடம் வேலைக்கு வரும் பிள்ளையும் ஒருநாள் முதுமையடைவாள் அல்லவா?

ஆறாவது, இட மறந்த கையொப்பங்கள். வங்கிக் கணக்கிலும் சேமலாப நிதியிலும் பின்னுரித்தாளியின் பெயர் கொடுத்திருக்கிறோமா? கொடுத்திருந்தால் அது யார்? வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதிய தாயாரின் பெயர், தாயார் மறைந்து இருபது வருடமாகியும் அப்படியே கிடக்கும். மரணசாசனம் என்றால் அபசகுனம் என்று ஒதுக்குகிறோம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் போதும்; நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் எழுதலாம். எழுதியவர் உடனே போய்விடுவதில்லை. எழுதாமல் போனவரின் பிள்ளைகள்தான் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேறுகிறார்கள்.

கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கும் சகோதரிகளே, ஊரிலுள்ள காணியைப் பார்க்கச் சகோதரருக்கு அற்றோர்ணித் தத்துவம் அனுப்புகிறீர்கள். அதில் "பராமரிக்க" என்று இருக்கிறதா, "விற்க" என்றும் இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். கொடுத்தவர் மறைந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நம்பிக்கை இருக்கும் இடத்திலும் எழுத்துத் தெளிவாக இருப்பது நல்லது. பின்னாளில் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அன்பானவர்களே, இவற்றைச் சொல்வதனால் யாரையும் நம்பாதீர்கள் என்று நாம் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். ஒருவருக்கொருவர் கைகொடுத்துத்தான் இடப்பெயர்வையும் முகாமையும் பட்டினியையும் கடந்து வந்தோம். கைகொடுப்பது வேறு, வாசிக்காமல் கையொப்பமிடுவது வேறு. எந்தக் கடதாசியையும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் காலையில் மீண்டும் வாசித்த பின் ஒப்பமிடுங்கள். "இப்பவே வைக்க வேணும்" என்று அவசரப்படுத்துவோருக்கு நாளைக்கு என்பதே நம் பதிலாக இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் கல்வெட்டும் எழட்டும். அவற்றோடு, ஆண்டுதோறும் உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும் மாணவியருக்கு நம் சங்கம் ஒரு நாள் ஒதுக்க வேண்டும். வங்கியில் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் கடன் படிவத்தை வாசிக்கக் காட்டட்டும். சட்டத்தரணியான ஒருவர் உறுதியை வாசிக்கக் காட்டட்டும். கடை நடத்தும் ஒருவர் தன் கணக்குக் கொப்பியைத் திறந்து காட்டட்டும். மூவரும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். செலவு ஒரு தேநீர்தான். முதலாவது வகுப்பை இவ்வருடமே தொடங்கச் செயற்குழு ஆயத்தமாக இருக்கிறது. முன்வருவோர் செயலாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அந்தக் கையொப்பத்துக்கு மட்டும் ஓர் இரவு யோசிக்க வேண்டியதில்லை.