கோயில் வீதியில் ஒரு சொந்தப் பாட்டு



இந்த இலக்கியத் தொடரிலே கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று பல துறைகள் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருளைக் கேட்டதும், "இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எங்கள் ஊர்களில் இயங்கிய, இன்றும் இயங்கிக்கொண்டிருக்கின்ற மெல்லிசைக் குழுக்களைப் பற்றியே பேசப்போகிறேன். 'கோஷ்டி' என்று சொன்னால்தான் யாழ்ப்பாணத்தவர்களுக்கு உடனே விளங்கும்.

நான் சங்கீத வித்துவான் அல்லன். இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் படிப்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். ஆயினும் கோஷ்டிக்கு நான் தீராத ரசிகன். நல்லதொரு குழு பாடுகிறது என்று கேள்விப்பட்டால் இருபது மைல் தூரமென்றாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துவிடுவேன். "தவணைப் பரீட்சைத் தாளெல்லாம் மேசையில கிடக்கு, இவருக்குக் கோஷ்டி கேட்குது" என்று வீட்டிலே முணுமுணுப்பு எழுவதுண்டு. அது நியாயமான முணுமுணுப்புத்தான். ஆனால் கடைசிப் பஸ் போன பிறகும் கோயில் வீதி மணலிலே சம்மணமிட்டிருந்து, கச்சான் கோதை உடைத்தபடி, எங்களூர்ப் பெடியன் ஒருவன் கிற்றாரை மீட்டிப் பாடுவதைக் கேட்கும் சுகம் வேறெதிலும் கிடைப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்கள் எப்போதுமே இசைக்கு மேடையாக இருந்து வந்துள்ளன. விடியவிடிய நடக்கும் கூட்டு மேளச் சமாவைக் கேட்க ஊர்விட்டு ஊர் சென்றவர்கள் எங்கள் பாட்டன்மார். 1975இல் காலமான தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பைப் பற்றி இன்றும் கண்கலங்கப் பேசுகின்ற முதியவர்களை நான் அறிவேன். அதன் பிறகு வில்லிசை வந்தது. 'வில்லிசை வேந்தர்' சின்னமணி அவர்கள் ஏறாத மேடை எங்கள் குடாநாட்டில் இருந்திருக்குமோ தெரியாது. இவற்றோடு சேர்ந்து வளர்ந்தவைதான் மெல்லிசைக் கோஷ்டிகள். கண்ணன் கோஷ்டி, அருணா கோஷ்டி என்ற பெயர்கள் நோட்டீசில் அச்சாகிவிட்டால் அன்றைக்குக் கோயிலடியில் கால்வைக்க இடமிராது.

என் தலைமுறையினருக்கு இந்தக் கோஷ்டிகள் வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோயிற்று. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட காலம் அது. பாட்டின் நடுவிலே கை களைத்தால் பாட்டும் களைத்துப்போகும். அப்படிப்பட்ட நாட்களில், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை ஒரு மூலையில் இயக்கிவிட்டு, நாலைந்து குழல் விளக்குகளின் கீழே, எங்கள் ஊரவர்களே உயிருள்ள பாட்டைத் தந்தார்கள். இருளுக்குள்ளிருந்து வந்து வெளிச்சத்தைச் சூழ்ந்து நின்றோம். பயத்தை மூன்று மணித்தியாலம் மறந்திருந்தோம்.

ஆனால் நேயர்களே, அந்த மேடைகளிற் பாடப்பட்டவை எவை? பத்துப் பாட்டில் எட்டுத் தமிழகத்துச் சினிமாப் பாட்டு. அச்சொட்டாக அதேபோலப் பாடுபவரே சிறந்த பாடகர். "அப்படியே ஒலிநாடாவில் கேட்ட மாதிரி இருக்கு" என்பதுதான் ரசிகர்கள் வழங்கிய அதியுயர்ந்த பாராட்டு. நடுவிலே ஒரு பாட்டு, தாங்களே எழுதித் தாங்களே மெட்டமைத்த பாட்டு, வரும். அறிவிப்பாளர் சற்றுக் கூச்சத்துடன், "அடுத்து எமது குழுவின் சொந்தப் பாடல்" என்பார். அந்த நேரம் பார்த்துச் சிலர் தேநீர் குடிக்க எழும்பிப் போவார்கள். எனது இன்றைய பேச்சு அந்தச் சொந்தப் பாட்டைப் பற்றியதுதான்.

சொந்தப் பாட்டுக்கு எங்களிடம் ஒரு வரலாறு இல்லாமலில்லை. 1960களிலும் 70களிலும் இலங்கையில் 'பொப்' இசை என்றொரு அலை எழுந்தது. பைலாத் தாளத்தைத் தமிழுக்கு வசப்படுத்திய அலை அது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் பாடிய 'சின்ன மாமியே' பாட்டை அறியாத இலங்கைத் தமிழர் உண்டா? மாமியிடம் அவருடைய மகளைப் பற்றி விசாரிக்கும் ஒரு பெடியனின் குறும்பு, அதுவும் ஊர்ப் பேச்சிலேயே. பொப்பிசைச் சக்கரவர்த்தி என்று போற்றப்பட்டு 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இன்னொன்று. மீன் கொண்டுவந்த கதையைச் சிங்களமும் தமிழும் கைகோர்த்துச் சொல்லும் அந்தப் பாட்டு, கடல் கடந்து தமிழகத்துக்குப் போய், 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் இடம்பிடித்தது. எப்போதும் அங்கிருந்து இங்கு வரும் பாட்டு, அந்த ஒரு தடவை இங்கிருந்து அங்கு போயிற்று. ஏன் போயிற்று? அங்கே இல்லாத ஒன்று அதிலே இருந்தபடியாற் போயிற்று. சினிமாப் பாட்டின் நகலாக இருந்திருந்தால் அதை யார் சீந்தியிருப்பார்கள்?

இந்த இடத்தில் இலக்கிய ஆர்வலர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1960களின் தொடக்கத்திலே ஈழத்து இலக்கிய உலகில் மரபுப் போராட்டம் நடந்தது. பேச்சுவழக்கைக் கதைகளில் எழுதுவது 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் சிலர் கண்டித்தார்கள். மண்ணின் மொழியில்லாமல் மண்ணின் இலக்கியம் ஏது என்று முற்போக்கு எழுத்தாளர்கள் வாதிட்டார்கள். பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவந்த மஹாகவியும் அக்காலத்தவரே. அதே தசாப்தத்திலேதான் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வந்த இளைஞர்கள், எந்தக் கட்டுரையும் எழுதாமல், எந்த மேடையிலும் வாதிடாமல், ஊர்ப் பேச்சைப் பாட்டாக்கிச் சனங்களின் வாயிலே போட்டுவிட்டார்கள். கதையிலே பேச்சுத்தமிழ் வென்ற வரலாற்றை உயர்தர வகுப்பிலே படிப்பிக்கிறோம். பாட்டிலே வென்றதை மட்டும் 'சும்மா பகிடிப் பாட்டு' என்று ஒதுக்கிவிட்டோம்.

இளங்கோவடிகள் அப்படி ஒதுக்கவில்லை. நெய்தல் நிலத்துப் பாட்டுகள் கானல்வரியாயின. ஆயர் மகளிரின் கூத்து ஆய்ச்சியர் குரவையாயிற்று. வேட்டுவ வரியையும் குன்றக் குரவையையும் அவரே காப்பியத்துக்குள் அமர்த்தினார். அந்தந்த நிலத்து மக்கள் கூடி நின்று பாடி ஆடியதை இலக்கியத்தின் நடுவீட்டிலே வைத்தவர் அவர். மீன் கொண்டுவரும் பாட்டுக்கு இன்று நாங்கள் படலையையே திறக்க மறுப்பது எந்த மரபு?

பக்கத்திலே சிங்களவர் மத்தியில் நடந்ததையும் சற்றுப் பாருங்கள். அங்கும் ஹிந்திப் படப் பாட்டு மெட்டுக்களைத் தழுவிப் பாடிய காலமொன்று இருந்தது. 1960களின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவாக வந்தபோது, மின்சாரக் கிற்றாருடன் சொந்த மெட்டும் வந்தது. 1970இல் தொடங்கிய 'ஜிப்ஸீஸ்' குழு அரை நூற்றாண்டாகத் தன் பாட்டுகளையே பாடிக் கூட்டத்தைச் சேர்த்தது. அதன் பாடகர் சுனில் பெரேரா 2021இல் மறைந்தபோது தமிழர் பலரும் துக்கப்பட்டார்கள். அவர்களுடைய ரசிகர்கள் அக்குழுவின் பாட்டைக் கேட்கவே காசு கொடுத்து மைதானத்துக்குப் போனார்கள். எங்கள் ரசிகர்களோ எங்கள் குழுவிடம் இன்னொருவருடைய பாட்டைக் கேட்கிறார்கள். வித்தியாசம் திறமையில் அன்று, கேட்பவர்களின் எதிர்பார்ப்பிலேயே இருக்கிறது.

குழுக்களைக் குறைசொல்வது சுலபம். அவர்களுடைய சங்கடத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். காசு கொடுப்பவர் திருவிழா உபயகாரர். அவருக்கு வேண்டியது சனம். சனத்துக்கு வேண்டியது தெரிந்த பாட்டு. மேடைக்கு வரும் விருப்பப் பாடற் துண்டுகளில் எல்லாம் புதுப் படங்களின் பெயர்களே. சினிமாப் பாட்டொன்றை இரண்டு மாலைப் பொழுதில் ஒத்திகை பார்த்துவிடலாம். சொந்தப் பாட்டுக்கோ எழுதுபவர் வேண்டும், மெட்டமைப்பவர் வேண்டும், ஒலிப்பதிவுக்குச் செலவு வேண்டும், அதன் பிறகும் கைதட்டல் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. இத்தனைக்கும் நடுவில் ஒரு குழு துணிந்து சொந்தப் பாட்டைப் பாடுகிறதென்றால் அது வீரம் என்றே நான் சொல்வேன். போர்க்காலத்தில் இங்கேயே எழுதி, இங்கேயே இசையமைத்து, இங்கேயே ஒலிப்பதிவு செய்யப்பட்ட பாடல்களும் உண்டு. அவற்றின் அரசியலை ஆராய்வது இந்த உரையின் வேலையன்று. ஆனால் எங்கள் கலைஞர்களால் சொந்தமாகப் பாட்டுச் செய்ய முடியும் என்பதற்கு அவையும் சாட்சி.

இழப்பையும் சொல்லவேண்டும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டவர்கள் பாட்டுக் கொப்பியை எடுத்தார்களா? ஒலிநாடாக்கள் அலுமாரிக்குள்ளேயே கிடந்தன. திரும்பி வந்தபோது பலருக்கு அலுமாரியும் இல்லை. சினிமாப் பாட்டு அழியாது. அது ஆயிரம் இடத்தில் இருக்கும். எங்கள் கோஷ்டியொன்று ஒரு திருவிழாவில் ஒரேயொரு தடவை பாடிய பாட்டு, பாடியவர் போனால் அவரோடு போய்விடும்.

அண்மையிலே பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். உங்கள் ஊரைப் பற்றி, உங்கள் வீட்டுப் பேச்சில் ஒரு பாட்டு எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழும்பி, "சேர், எங்கட தமிழில பாட்டெழுதினா ஆக்கள் சிரிக்க மாட்டினமே?" என்று கேட்டான். "ஏன் சிரிப்பினம்?" என்று கேட்டேன். "பாட்டெண்டா இந்தியாத் தமிழிலதானே சேர் இருக்கிறது" என்றான். வகுப்பிலே ஒருவரும் அதை மறுக்கவில்லை. காதலைச் சொல்வதற்கும் தாயைப் பாடுவதற்கும் தன் வீட்டுத் தமிழ் தகுதியற்றது என்று ஒரு பிள்ளை நினைக்குமானால், இலக்கணத்திலே அவன் எத்தனை புள்ளி எடுத்து என்ன பயன்?

மறுவாரம் அவன் எழுதிக்கொண்டு வந்தது காலைப் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. நெரிசல், கொண்டக்டரின் சத்தம், மீன் கூடையோடு ஏறும் ஆச்சி, எல்லாம் அதிலே இருந்தன. மேசையிலே தாளம் போட்டுப் பாடினான். பிள்ளைகள் சிரித்தார்கள்தான். ஆனால் அது ஏளனச் சிரிப்பன்று. தங்களைத் தாங்களே பாட்டிலே கண்ட சிரிப்பு. இடைவேளை மணி அடித்த பிறகும் அந்தப் பாட்டு தாழ்வாரத்திலே கேட்டது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பின்னணிப் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட சனக்கூட்டத்தை எல்லோரும் அறிவோம். நேரிலே இசை கேட்கும் தாகம் எங்களிடம் வற்றிப்போகவில்லை என்பதற்கு அது சான்று. அதே யாழ்ப்பாணத்தில் நூறு, நூற்றைம்பது பேர் கொள்ளும் சிறு மண்டபங்களிலும் நான் இருந்திருக்கிறேன். இரண்டு கிற்றார், ஒரு கீபோர்ட், ஒரு ட்றம்ஸ், இருபது வயதுப் பிள்ளைகள். மடிக்கணினி ஒன்றிருந்தால் வீட்டு அறையிலேயே ஒலிப்பதிவு செய்கிறார்கள். 'றப்' என்கிறார்கள், வேறு பெயர்களும் சொல்கிறார்கள். எனக்கு எல்லாம் விளங்குவதில்லை. ஆனால் "கதைக்கிறன்", "வாறன்", "எங்கட" என்ற சொற்கள் ஒலிபெருக்கியில் கூச்சமில்லாமல் வரும்போது எனது தமிழாசிரிய மனம் குளிர்ந்துபோகிறது. எல்லாப் பாட்டும் நல்ல பாட்டல்ல. சில பாட்டில் எதுகையைத் தேடி அர்த்தத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். எனினும் பத்துப் பாட்டு எழுதினால்தானே ஒன்று நிலைக்கும்?

ஆகவே நேயர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். திருவிழா உபயகாரர்களே, கோஷ்டியைப் பேசும்போது மூன்று சொந்தப் பாட்டாவது பாடவேண்டும் என்று சொல்லிப் பேசுங்கள். உங்கள் காசு, உங்கள் உரிமை. ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் எழுதும் பாட்டைக் கட்டுரைக்குச் சமமாக மதித்துத் திருத்துங்கள். எழுத்தாளர்களே, நூல் வெளியீட்டு விழாவுக்குச் சென்று விமர்சனம் எழுதும் நீங்கள், உங்களூர்க் குழுவின் நிகழ்ச்சிக்கும் ஒரு நாள் போய் எழுதுங்கள். பாட்டு வரிகளைக் கேட்டு வாங்கி அச்சிலேற்றுங்கள். அச்சிலே ஏறியது அலுமாரியோடு அழியாது.

ரசிகனாக எனக்கு இன்னும் ஓர் ஆசை உண்டு. என்றைக்காவது ஒரு திருவிழா இரவில், "அடுத்து எமது குழுவின் சொந்தப் பாடல்" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது, தேநீர்க் கடைக்குப் போனவர்கள் குவளையை அரைகுறையாக வைத்துவிட்டு ஓடி வரவேண்டும். அது நடக்கும்வரை அந்தப் பாட்டுக்கு நான் எழும்பாமல் இருந்து கைதட்டிக்கொண்டிருப்பேன்.