சிட்சையும் கவ்வாத்தும்

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்து மழைக்கு, தொழிலாளர் லயத்துக்கு லயம் மூட்டுவலி உண்டு. படுத்துக் கிடப்பவரிடம், "கர்த்தர் சிட்சிக்கிறார்" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. எபிரேயர் நிருபத்தின் 12ஆம் அதிகாரம் சிட்சையைப் பற்றித்தான் பேசுகிறது. ஆனால் யாரிடம்? விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்களிடம். அதுவும் தகப்பன் பிள்ளையை வளர்க்கிற மாதிரி, நீதிபதி தண்டிக்கிற மாதிரி அல்ல. தேயிலையில் கவ்வாத்து வெட்டுகிறோமே, செடியின்மேல் கோபமா? மறுபடி துளிர்க்கத்தான். வேரில் சத்தில்லாத செடியில் கத்தி வைப்பதும் இல்லை. சிட்சை வேறு, தண்டனை வேறு.

நோய் சிட்சையானால் மருந்து எதற்கு என்று கேட்கலாம். வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று தீமோத்தேயுவுக்கு எழுதியவர் பவுல்தான். சிட்சை, பொறுத்துக்கொள் என்று எழுதவில்லை. சரி, நோய் பாவத்தின் கூலியா? பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள். இல்லை என்றார் இயேசு. யோபுவின் சிநேகிதர்கள் ஆமென்று சாதித்தார்கள். கடைசியில் கடவுளின் கோபத்துக்கு ஆளானார்கள். தன் வலியைச் சிட்சையாக ஒருவர் தானே ஏற்றுக்கொள்ளலாம், அதில் ஆறுதலும் உண்டு. அடுத்தவர் வலிக்கு நாம் அந்தப் பெயர் வைக்க முடியாது. கொழுந்து சுமந்து வந்த இடுப்புவலிக்குத் தோட்டத்துத் துரை அந்தப் பெயர் வைத்தால், அது வேதமே அல்ல. அதற்கு டிஸ்பென்சரி இருக்கிறது, தொழிற்சங்கமும் இருக்கிறது.