கரவதி என்றொரு காளை

(மாட்டுப் பொங்கலை ஒட்டி நம் குடியிருப்போர் நலச்சங்கம் நடத்திய கூட்டத்தில், கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)



மாட்டுப் பொங்கலுக்கு மாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். மாடு செல்வம், மாடு தெய்வம் என்று பொதுவாகப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரே ஒரு மாட்டைப் பற்றிப் பேசுகிறேன். அது ஒரு பொலிகாளை. அதன் பெயர் கரவதி.

பக்கத்து ஊர்க் காளைதான். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் வழியாக விஜயவாடா போகும் ரயில் பாதை நமக்கெல்லாம் தெரியும். அதில் நெல்லூரைத் தாண்டி ஓங்கோல். ஓங்கோலை அடுத்து கரவதி என்று ஒரு சின்ன ரயில் நிலையம் வரும். அந்த ஊர்க் காளை என்பதால் அந்தப் பெயர். 1953 வரை அந்தப் பகுதியும் நம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. நம் தெருக்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், ஓங்கோல் மாடு என்றதும் முகம் மலரும்.

நல்ல உயரம், வெள்ளை உடல், பெரிய திமில், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி. அதுதான் ஓங்கோல் காளை. கரிசல் மண்ணில் ஆழ உழும். பசுவும் வீட்டுக்குப் போதுமான பால் தரும். கடும் வெயிலைத் தாங்கும். உண்ணித் தொல்லையை எளிதில் சமாளிக்கும். வெப்ப நாடுகள் இந்த மாட்டைத் தேடி வந்ததற்கு இந்தக் கடைசி இரண்டு குணங்கள்தான் காரணம்.

தேடி வந்த நாடுகளில் முதலிடம் பிரேசிலுக்கு. 1868-ல் கப்பலில் போன ஒரு ஜோடி மாடு பாஹியா மாநிலத்துத் துறைமுகத்தில் விற்கப்பட்டதிலிருந்து அங்கே கதை தொடங்குகிறது. நெல்லூர்ப் பக்கத்து மாடு என்பதால் அந்த நாட்டில் இந்த இனத்துக்கு 'நெலோர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

நடுவில் ஒரு பெரிய தடங்கல் வந்தது. 1920-ல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கியபோது, அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. ஐரோப்பா பதறியது. உலகக் கால்நடை நல அமைப்பு 1924-ல் உருவானதற்கு இந்தச் சம்பவமே காரணம். அதன் பிறகு பிரேசில் இந்திய மாடுகளுக்குக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. 1930-ல் ஒரு முறை, 1962-ல் ஒரு முறை என்று அரிதாகத்தான் திறந்தது. துறைமுகத்தின் பக்கத்தில் வாழும் நமக்குப் புரியும், கப்பலில் சரக்கு மட்டும் வருவதில்லை.

அந்த 1962-ம் ஆண்டுத் தொகுதியில்தான் நம் கரவதி போனது. அதை வாங்கியவர் டோரஸ் ஓமெம் ரோட்ரிக்ஸ் டா குன்யா என்ற பண்ணையாளர். மாடுகளை நேராக நாட்டுக்குள் விடவில்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள பெர்னாண்டோ டி நோரோன்யா என்ற தீவில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே அனுமதித்தார்கள்.

அந்தத் தொகுதியில் தாஜ்மகால், கோதாவரி என்று வேறு சில புகழ்பெற்ற காளைகளும் இருந்தன. ஆனால் நெலோர் இனத்தின் பரம்பரைப் பதிவுகளை ஆராய்ந்த பல ஆய்வுகள், இன்றைய மந்தையில் மிக அதிகப் பங்குள்ள முன்னோர் என்று கரவதியைத்தான் காட்டுகின்றன. பிரேசிலில் இன்று 20 கோடிக்கும் மேல் மாடுகள். அவற்றில் பெரும்பகுதி நெலோர் அல்லது நெலோர் கலப்பு. 2023-ல் வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஏலம் விட்டார்கள். அந்த விலையை வைத்துக் கணக்கிட்டால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் டாலருக்கு மேல். உலகிலேயே விலை உயர்ந்த பசு என்று அது கின்னஸில் இடம் பெற்றது. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே இந்த மாடு உழவுக்கோ பாலுக்கோ இல்லை, இறைச்சிக்குத்தான். நமக்கு அது உவப்பாக இல்லாமல் இருக்கலாம். இனத்தை எப்படிக் காத்தார்கள் என்பதை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

ஒரு காளைக்கு எப்படி இவ்வளவு பெரிய வம்சம்? இயற்கையாகச் சேர்த்தால் ஒரு காளை ஆண்டுக்கு ஐம்பது அறுபது பசுக்களைச் சினையாக்கும். சினை ஊசி முறையில் கணக்கே வேறு. ஒரு முறை எடுக்கும் விந்தைச் சில நூறு குச்சிகளில் அடைக்கலாம். ஒரு குச்சியில் கால் மில்லிதான். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். காளை செத்த பிறகும் கன்று பிறக்கும்.

ஆனால் ஊசி மட்டும் போதாது. அங்கே 1938 முதலே இந்த இனத்துக்கு முறையான பதிவேடு உண்டு. எந்தக் கன்று எந்தக் காளைக்கு, எந்தப் பசுவுக்குப் பிறந்தது என்று எழுதி வைத்தார்கள். எழுதி வைத்ததால்தான் கரவதியின் கன்றுகள் நன்றாக வளர்வது தெரிந்தது. தெரிந்ததால்தான் மீண்டும் மீண்டும் அந்த வம்சத்தைத் தேடினார்கள்.

இது மாட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. எழும்பூர் கன்னிமாரா நூலகம் 1886 முதல் 1890 வரை இங்கே ஆளுநராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயரைக் கொண்டது. கன்னிமாரா என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு பகுதி. அங்கே ஒரு மட்டக்குதிரை இனம் உண்டு. 1904-ல் பிறந்த 'கேனன் பால்', அதாவது பீரங்கிக் குண்டு, என்ற பொலிகுதிரை வண்டியும் இழுத்தது, உள்ளூர்ப் பந்தயமும் ஓடியது. 1923-ல் வளர்ப்போர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துப் பதிவேடு தொடங்கியபோது, பொலிகுதிரைகளில் முதல் எண் அதற்குத்தான். ஏழைக் குடியானவர்களின் குதிரை. எழுதி வைத்ததால் நூறாண்டுக்குப் பிறகும் பெயர் நிற்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரே காளையின் வாரிசுகள் பெருகினால் உறவுக்குள் உறவு சேரும். அண்ணனும் தங்கையும் சேரலாம், தகப்பனும் மகளும் சேரலாம். கன்று மெலியும், சினை பிடிக்காது, பால் குறையும். பிரேசிலில் அந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. ஆனால் பதிவேடு இருப்பதால் எங்கே நெருக்கம் அதிகம் என்று பார்த்து மாற்றிச் சேர்க்க முடிகிறது.

நம் ஊருக்கு வருவோம். கரவதியைத் தந்த மண்ணிலேயே டிராக்டர் வந்ததும் உழவு மாடு குறைந்தது. பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது. நம் காங்கேயத்துக்கும் இதே கதி. அந்தக் காளையை வளர்த்துக் கொடுத்த கிராமத்து ஆட்களுக்குக் கண் பார்த்தே தரம் தெரியும். ஆனால் அந்த அறிவு தாளில் ஏறவில்லை. பெரியவர்களோடு போய்விட்டது.

மணலி புதுநகரிலும் மாடு வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. காலையில் அவர்களிடம் பால் வாங்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்த மாடுகளுக்குச் சினை ஊசிதான். செங்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஆலமாதியில் தேசியப் பால்வள வாரியத்தின் துணை நிறுவனம் நடத்தும் பெரிய உறைவிந்து நிலையமே இருக்கிறது. ஒவ்வொரு குச்சியின் மேலும் காளையின் எண், இனம், தேதி அச்சாகி வருகிறது. ஊசி போட்டு முடித்ததும் அந்தக் குச்சி குப்பைக்குப் போகிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து அந்தப் பசுவின் கிடாரி பருவத்துக்கு வரும்போது, அதன் தகப்பன் எண் யாருக்கும் தெரியாது. அதே காளையின் ஊசியையே போட்டுவிட்டால்?

அதனால் மாடு வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் என் வேண்டுகோள் இது. ஊசி போட்ட குச்சியைக் கேட்டு வாங்குங்கள். காளை எண்ணையும் தேதியையும், உங்கள் மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டி, வேறு காளை எண் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் எழுதட்டும். நாட்டினக் குச்சி கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் அவர்களும் கொண்டுவருவார்கள்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. நம் அலுவலக அலமாரியில் ஒரு பொது நோட்டு வைப்போம். யார் வீட்டில் எந்த மாடு, எப்போது ஊசி, எப்போது கன்று என்று எழுதுவோம். நாற்பது பக்க நோட்டு போதும், செலவு பெரிதில்லை. அதை யார் பார்த்துக்கொள்வது என்று அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்தால், முதல் பக்கத்தை எழுத நான் வருகிறேன்.