மலை கற்பித்த பாடம்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன் நான். பூகோளம் பேச எனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். சென்ற ஆகஸ்டு மாதம் பள்ளிப் பிள்ளைகளை லோணாவளா மலைக்கு அழைத்துச் சென்ற பூகோள ஆசிரியருக்குத் துணையாகச் சென்றேன். அன்று நான் கற்றதையும், செய்த பிழையையும் கூறவே இங்கு நிற்கிறேன்.

கல்யாணில் புறப்பட்ட வண்டி கர்ஜத் வரை சமநிலத்தில் ஓடிற்று. அங்கே வண்டியின் பின்புறம் கூடுதல் எஞ்சின்களைப் பூட்டினார்கள். அதற்கப்பால் லோணாவளா வரையுள்ள 28 கிலோமீட்டர்தான் போர்காட் என்னும் கணவாய். 37 மீட்டர் ஓடினால் 1 மீட்டர் உயரும் செங்குத்தான பாதை. 1856-இல் தொடங்கி 1863-இல் திறக்கப்பட்ட இப்பாதைக்காக ஒரு கட்டத்தில் 40,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் மலையை உடைத்தனர். காலராவிலும் பிற நோய்களிலும் மாண்டவர் ஆயிரக்கணக்கானோர். இதைக் கேட்டதும் பிள்ளைகளின் ஆரவாரம் தானே அடங்கிற்று.

குகைகளினிடையே வெளிச்சம் வந்தபோதெல்லாம் ஆசிரியர் எதிர்ப்பாறையைச் சுட்டிக் காட்டினார். படிக்கட்டுப்போல் அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்த அடுக்குகள் அவை.

மேலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அரபிக்கடலிலிருந்து வரும் காற்று இம்மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகிறது. மும்பையில் ஆண்டுக்குச் சுமார் 2,200 மில்லிமீட்டர். லோணாவளாவில் 4,000-க்கும் மேல். மலைக்கு அப்பாலுள்ள புனேயிலோ 700 அளவே. 'மழை மறைவுப் பிரதேசம்' என்று நான் பொருளறியாது மனப்பாடம் செய்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கிற்று.

மலைமுகட்டில் ஆசிரியர் ஒரு விந்தை சொன்னார். மேற்கே விழும் துளி உல்லாஸ் ஆற்றில் இறங்கி, நம் கல்யாணைக் கடந்து அரபிக்கடலை அடைகிறது. சற்றே கிழக்கில் விழும் துளி இந்திராயணியில் சேர்ந்து, பீமா வழியே கிருஷ்ணாவில் கலந்து வங்கக்கடலுக்குச் செல்கிறது. "நம் காவிரி எங்கே பிறக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். "இதே தொடரில்தான், தெற்கே குடகில்" என்றார் ஆசிரியர். தபதிக்குத் தெற்கே தொடங்கிக் குமரிமுனை வரை சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் ஒரே மலைத்தொடர் இது. அயலூர் மலை என்றெண்ணி நின்ற பிள்ளைகள் அதை வேறு கண்ணோடு பார்த்தனர்.

அப்போது ஒரு சிறுமி தன் கையிலிருந்த படத்தை விரித்தாள். இரண்டு ஆறுகளும் அதில் அழகாக வரையப்பட்டிருந்தன. "நீ வரைந்ததா, அம்மா?" என்றேன். "இல்லை, மாமா. வராமற்போனானே, அவன் வரைந்து கொடுத்தான்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் குடியிருப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியலும் பயணத் தொகையும் என் பொறுப்பில் இருந்தன. குறித்த நாளில் பணம் வராத பெயரை அலுவலக வழக்கப்படி சிவப்பு மையால் அடித்துவிட்டேன். தொகை வெறும் 250 ரூபாய். ஏன் வரவில்லை என்று அவ்வீட்டு வாயிலில் போய்க் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தந்தைக்கு அம்மாதம் வேலையில்லை என்பதைப் பிறகே அறிந்தேன். யாரிடமும் சொல்ல அவர் கூசியிருக்கிறார். மலையை நேரில் காண அனைவரினும் தகுதி பெற்றிருந்த சிறுவன் வீட்டிலேயே இருந்தான்.

பெரியோர்களே! போர்காட்டில் எந்த எஞ்சினையும், "உன் வலிமைக்கு ஏற முடிந்தால் ஏறு" என்று நாங்கள் விட்டுவிடுவதில்லை. பின்னிருந்து தள்ளுவதற்கு வேறு எஞ்சின் பூட்டுகிறோம். அப்படித் தள்ளுவது முன்னே செல்லும் எஞ்சினுக்கு இழிவுமன்று. அடுத்த ஆண்டுப் பயணத்துக்குச் சங்கமே ஒரு சிறு நிதி ஒதுக்கவேண்டும். யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்பது எந்தப் பேரேட்டிலும் ஏறலாகாது. முதல் தொகையாக என் பங்கைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த பட்டியலையும் நானே எழுத அனுமதி தாருங்கள். அதில் ஒரு பெயரும் அடிபடாது.