சுவைத்துப் படிக்க ஒரு நூல்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் பாராட்டு மாலை தொடுப்பது மரபு. அதனை எனக்கு முன் பேசிய பெரியோர் குறைவறச் செய்துவிட்டனர். நான் ஒரு முறையீட்டை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நூலக அடுக்குகளின் முன்னும் புத்தகக் காட்சியின் கடைவாயில்களிலும் நெடுநேரம் நின்று, வெறுங்கையோடு திரும்புகிறவர்களின் முறையீடு அது. "நூல்கள் மலைபோல் குவிந்துள்ளன, சுவைத்துப் படிக்க ஒன்று அகப்படவில்லையே!" என்பது அவர்கள் குறை.

இதனைச் சோம்பர் சொல் என்று ஒதுக்குதல் தகாது. முதுகலை பயிலும் மாணவி ஒருத்தி என்னிடம், "அம்மா, தேர்வுக்காக இல்லாமல், எனக்காகப் படிக்க ஒரு நூல் சொல்லுங்கள்" என்று கேட்டாள். ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான நூற்பெயர்களை வகுப்பில் அடுக்கிச் சொல்வது எங்கள் தொழில். ஆயினும் அவளுக்கென ஒரு பெயரைச் சொல்லும் முன், அவள் எதற்குச் சிரிப்பாள், எதற்குக் கண் கலங்குவாள் என்று அறிய வேண்டியிருந்தது. நூலை அறிதல் பாதி. கேட்பவரை அறிதல் மறுபாதி.

இவ்வுண்மையை உலகிற்கு விதியாக வகுத்துத் தந்தவர் நமக்கு அயலார் அல்லர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் வரும் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ். ஆர். இரங்கநாதன். நூலகத் துறைக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் வாய்க்க வேண்டும். நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும். வாசகரின் காலம் வீணாகலாகாது என்பன அவற்றுள் அடங்கும். எல்லோர்க்கும் ஏற்ற நூல் என ஒன்றை அவர் சுட்டவில்லை என்பதை உன்னுக. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் சென்றன. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. இன்று கைப்பேசிக்குள்ளேயே ஒரு நூலகம் அடங்கிவிட்டது. நூல் நம் வாயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது; எதனை எடுப்பது என்னும் கேள்வி மட்டும் வாயிலிலேயே நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை தரும் நிகழ்ச்சி ஒன்று தமிழ் வரலாற்றில் உண்டு. 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராய் அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன படித்திருக்கிறீர் என்று முதலியார் வினவ, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று நெடிய பட்டியல் கூறினார். முதலியார் வியக்கவில்லை, பாராட்டவும் இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். பின்னர் அதன் கையெழுத்துப் படி ஒன்றையும் தேடிக் கொடுத்தார்.

அப்படியும் நூல் எளிதில் வசப்படவில்லை. சமணக் கருத்துகள் விளங்காமையால், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடி ஐயர் பாடம் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் தமிழன்னையின் பழம்பெரும் அணிகலன்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. அவரே பின்னாளில், 1924 முதல் 1927 வரை, நம் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராய் வீற்றிருந்தார். இத்துணை விளைவுக்கும் வித்து யாது? முகமன் கூறாத ஒருவரின் ஒரு கேள்வியும், அவர் கையால் கொடுத்த ஒரு படியுமே.

சுவை என்றதும் பொழுதுபோக்கு என்று மயங்குவோர் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணினார். உவகை அவற்றுள் ஒன்று மட்டுமே. அழுகையும் அச்சமும் வெகுளியும் அதனோடு ஒப்ப வைத்து எண்ணப்பட்டுள்ளன. ஆகவே, கண்ணீர் வரவழைக்கும் நூலும் சுவையான நூலே. ஐயரைப்போல் அகராதியோடு மல்லுக்கு நின்று பெறும் சுவையும் சுவையே. எட்டில் எதனையும் எழுப்பாத நூலை, அது எத்துணைப் பெருமைக்குரியதாயினும், கீழே வைத்துவிட வாசகருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமையை மறுப்பது, பசியில்லாதவர்க்கு விருந்தூட்டுவது போலாகும்.

நம் கடலூர் மண்ணைப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் புதுமைப்பித்தன் பிறந்தார். மஞ்சக்குப்பத்தில் 1934இல் செயகாந்தன் பிறந்தார். பின்னவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பொதுவுடைமைக் கட்சியின் கூட்டு வாழ்வில், படித்தவர்களின் பேச்சையும் வாதத்தையும் கேட்டு வளர்ந்தவர். பாடத்திட்டம் அவருக்கு நூலைக் கொடுக்கவில்லை. நூலைப் பற்றி உள்ளன்போடு பேசிய மனிதர்கள் கொடுத்தார்கள். அத்தகைய மனிதர்கள் கூடும் இடமன்றோ இலக்கிய வட்டம்?

இங்கேதான் கவிஞர் பெருமக்கள் என்னைச் சற்றுப் பொறுத்தருள வேண்டும். தமிழகத்து நூல் வெளியீட்டு மேடைகளில் ஒவ்வொரு நூலும் ஒப்பற்ற நூல்; ஒவ்வொரு தொகுப்பும் ஒரு திருப்பம். மேடையில் அது அன்பின் வெளிப்பாடு. கீழே அமர்ந்திருப்பவருக்கோ அது வழிகாட்டு. அவர் அச்சொல்லை நம்பி நூலை வாங்குகிறார். வீட்டில் பத்துப் பக்கம் நகரவில்லை. நூலைக் குறை கூற அஞ்சித் தம் அறிவைக் குறை கூறிக்கொள்கிறார். மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால், நான்காம் முறை அவர் படிப்பதையே விட்டுவிடுகிறார். நேற்றைய நூலுக்குச் சூட்டிய பொய்ம்மாலைக்கு விலை கொடுப்பது யார்? நாளை வரவிருக்கும் உங்கள் நல்ல தொகுப்பே. அதற்கு உரிய வாசகர் அதற்குள் எழுந்து போய்விட்டார்.

ஆகவே, பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்திற்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கிறேன்.

ஒன்று: மாதக் கூட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்குவோம். உறுப்பினர் ஒருவர், தம் நண்பர் எழுதாத, தாம் மெய்யாகவே சுவைத்த ஒரு நூலைப் பற்றிப் பேசட்டும். எங்கே மகிழ்ந்தார், எங்கே தொய்ந்தது என இரண்டையும் சொல்லட்டும்.

இரண்டு: அந்நூல் யாருக்கு ஏற்றது என்பதைச் சொல்லி முடிக்கட்டும். வேலை முடித்து அலுத்து வருபவருக்கா, துயரில் இருப்பவருக்கா, முதன்முதலாகக் கவிதை படிக்கும் பதினெட்டு வயதினருக்கா? இதனைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், ஐந்தாண்டில் அறுபது நூல்களுக்கு நம்பத்தக்க வழிகாட்டி நம்மிடம் இருக்கும்.

மூன்று: இராமசுவாமி முதலியார் சொன்னதோடு நின்றாரில்லை, கொடுத்தார். பேசியவர் அந்நூற்படியை அன்றே அவையில் ஒருவர் கையில் கொடுத்துச் செல்லட்டும். திரும்பி வராது என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன்: திரும்பாத நூல் யாருக்கோ சுவைத்திருக்கிறது.

அந்த மாணவிக்கு எந்த நூலைச் சொன்னேன் என்று அறிய விரும்புவோர் அடுத்த மாதக் கூட்டத்திற்கு வாருங்கள். முதல் கால்மணி நேரத்தை எனக்குத் தருமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.