கைச்சாத்தும் சாட்சியும்



சட்டம் என்பது களவும் அடிதடியும் செய்தவர்களுக்கே உரியதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். ஆனால், யாதொரு தீங்கும் நினையாதவரும் ஒரு நிமிட அசட்டையினால் வழக்கிலே அகப்படுவதற்கு நம் ஊரில் ஒரு வழி திறந்தே கிடக்கின்றது. அது பிறருடைய உறுதிக்குச் சாட்சியாகக் கைச்சாத்திடுவது.

நொத்தாரிசுக் கந்தோர் வாசலால் போகின்றோம். “தம்பி, ஒருக்கா உள்ளே வாரும், ஒரு கையெழுத்துத்தான் வேணும்” என்கிறார் தெரிந்தவர் ஒருவர். மறுத்தால் மரியாதை இல்லையே என்று போய் அமர்கின்றோம். விற்பவர் யார், காணி எங்கே என்று கேட்பதில்லை. பெயரையும் விலாசத்தையும் கொடுத்து, கைச்சாத்தும் இட்டு, ஒரு தேநீரும் குடித்துவிட்டு வருகின்றோம்.

காணியை விற்கவோ ஈடு வைக்கவோ எழுதும் உறுதியை, நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒரே வேளையிற் கூடியிருக்கையில், முடிப்பவர் கைச்சாத்திட வேண்டுமென்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச்சட்டம் விதிக்கின்றது. முடிப்பவரை நொத்தாரிசு அறியாராயின், சாட்சிகள் இருவரும் அவரை அறிந்திருத்தல் வேண்டும் என்கிறது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச்சட்டம். ஆகவே சாட்சி வெற்றிடத்தை நிரப்ப வந்தவரல்லர். “இவர் இன்னாரே” என்று நாட்டுக்குச் சொல்பவர் அவர்.

காணிக்காரர் கனடாவிலே இருக்கிறார், அவர் பெயரைச் சொல்லி வேறொருவன் வந்து உறுதி முடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பின்னொரு நாள் உடையவர் வந்து தமது வளவிலே பிறர் மதில் கட்டியிருப்பதைக் காண்கின்றார். உறுதியை எடுத்துப் பார்த்தால், முடித்தவன் பெயர் பொய். நம்முடைய பெயரும் விலாசமுமோ மெய். விசாரணை யார் வீட்டுப் படலையில் வந்து நிற்கும்? ஆள்மாறாட்ட வஞ்சனையும் பொய்யாவணம் புனைதலும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றங்கள். அறியாமல் இட்டோம் என்பது உண்மையாயிருக்கலாம். அதனை நிலைநாட்டுவதற்குள் எத்தனை தவணை, எத்தனை நாட் சம்பளம்!

இன்னொன்று இதைவிடத் துயரமானது. அவசரக் கடனுக்காகக் காணியை ஈடு வைப்பதாக எண்ணி வரும் எழுத்தறியாத மூதாட்டிக்கு, எழுதி வைத்திருப்பது அறுதி உறுதி. “காசைத் தந்ததும் திருப்பி எழுதித் தருவேன் ஆச்சி” என்ற வாய்ச்சொல் மாத்திரமே அவர் கையில் மிஞ்சும். அந்தச் சொல்லைக் கொண்டு காணியை மீட்பது மிகவும் கடினம். வாசிக்க இயலாதவருக்கு உறுதியைச் சாட்சிகளின் முன்னிலையிலே வாசித்து விளக்க வேண்டுமென்று சட்டம் வைத்திருப்பது இதற்காகவே. வாசிக்காமலே பெருவிரல் அடையாளம் வாங்கும்போது சாட்சி வாய்மூடி இருந்தால், ஆச்சிக்கு இருந்த காவலும் போயிற்று. “வாசியுங்கோ ஐயா” என்று ஒரு சொல் சொல்ல இளைஞர் ஒருவருக்கு என்ன தடை? கூச்சம் என்றால் அது வீண் கூச்சம்.

வெற்றுக் காசோலையிற் கையெழுத்திட்டுக் கொடுப்பதும், பெருங்கடனுக்கு நட்புக்காகப் பிணை நிற்பதும் நாம் அறிந்த ஆபத்துக்களே. வங்கிகளின் அச்சடித்த பிணைப் பத்திரங்களில், கடனாளியிடம் முதலிற் கேட்கும்படி சொல்லும் உரிமையைப் பிணையாளி கைவிடும் வாசகம் பெரும்பாலும் சிறிய எழுத்திலே இருக்கும். அதை வாசித்த பின்னரே பேனாவை எடுக்கலாம்.

காணி வாங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். நொத்தாரிசு தம் பிரதிகளை மாதந்தோறும் காணிப் பதிவாளருக்கு அனுப்புவது வேறு. உறுதியைப் பதிவேட்டிலே பதிவிப்பது வேறு. பதியாத உறுதியைப் பெட்டியிற் பூட்டி வைத்திருக்க, பின்னால் அதே காணியை விலைகொடுத்து, வஞ்சகமின்றி வாங்கியவர் தமது உறுதியை முந்திப் பதிந்தால், 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச்சட்டப்படி அவருடையதே மேலாகும். வாங்குமுன் பதிவேட்டைத் தேடிப் பார்க்கக் காணிக் கந்தோரிலே கட்டணம் செலுத்தினாற் போதும். உறுதி முடிந்த பின்னர் பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அதன் பின்னரே பெட்டியைப் பூட்டுங்கள்.